கூடங்குளம்: உலையின் பாதுகாப்பும் ஊரின் பாதுகாப்பும்

2011-ஆம் ஆண்டின் நடுவில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் உலையில் சோதனை ஓட்டம் நடந்தது. யுரேனியம் ஏற்றுவதற்கு முன் போலி எரிபொருள் கட்டுகளை வைத்து, நீரைக் கொதிநிலைக்கு மேல் சூடேற்றி, குழாய்களும் வால்வுகளும் அழுத்தம் தாங்குகின்றனவா என்று பார்க்கும் வழக்கமான சோதனை அது. நீராவி சீறிய சத்தம் சுற்றுவட்டார ஊர்களைக் கலக்கியது. சில மாதங்களுக்கு முன்புதான், மார்ச் 11 அன்று, ஜப்பானின் ஃபுகுஷிமாவில் ஆழிப்பேரலை புகுந்ததையும் அடுத்த நாட்களில் உலைக் கட்டடங்கள் வெடித்ததையும் அதே ஊர் மக்கள் தொலைக்காட்சியில் பார்த்திருந்தார்கள். 2004 டிசம்பரில் அதே மாதிரியான அலை தங்கள் கரைக்கும் வந்து போனதை யாரும் மறக்கவில்லை. 2011 செப்டம்பரில், பக்கத்து மீனவர் ஊரான இடிந்தகரையில் லூர்து மாதா ஆலயத்தின் முன்னால் பந்தல் போட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார்கள்.

அன்றைக்குப் போராட்டக்காரர்களைப் பார்த்து அதிகம் கேட்கப்பட்ட கேள்வி: "பல்லாயிரம் கோடி ரூபாயில் கட்டி முடிக்கும்வரை தூங்கிக்கொண்டா இருந்தீர்கள்?" இதைக் கேட்டவர்களுக்கு வரலாறு தெரியாது. ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் இந்த உலைகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1988 நவம்பரில். ஆறே மாதத்தில், 1989 மே 1 அன்று, கன்னியாகுமரியில் மீனவர் அமைப்புகள் நடத்திய பெரும் பேரணியில் கூடங்குளம் எதிர்ப்பும் ஒலித்தது. அந்தப் பேரணி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்ததால் திட்டம் கிடப்பில் போனது. 1998-இல் துணை ஒப்பந்தம் வந்து, 2002-இல் கான்கிரீட் கொட்டப்பட்டது. முதல் இரண்டு உலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி 1989-இலேயே கொடுக்கப்பட்டுவிட்டது. மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற விதி 1990-களில்தான் வந்தது என்பதால், அந்த இரண்டு உலைகளுக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கவே இல்லை. சட்டப்படி தேவையில்லை என்று நீதிமன்றமும் பின்னர் ஏற்றுக்கொண்டது. சட்டத்துக்குத் தேவைப்படாமல் போகலாம். ஒரு தலைமுறை முழுக்கப் பக்கத்தில் வாழப்போகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தொடங்கிய காரியம், பிறகு எத்தனை விளக்கம் சொன்னாலும் அந்தக் குறையோடுதான் நடந்தது.

2011 முதலான நிகழ்வுகள் பலருக்கும் நினைவிருக்கும். மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்த வேண்டும் என்று 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அமைச்சரவை தீர்மானம் போட்டது. மத்திய அரசு முத்துநாயகம் தலைமையில் நிபுணர் குழு அமைத்தது. அப்துல் கலாம் நேரில் வந்து, உலை முழுப் பாதுகாப்பானது என்றார். மாநில அரசு இனியன் தலைமையில் தனியாக ஒரு குழு போட்டது. இரண்டு குழுக்களும் பச்சைக்கொடி காட்டின. 2012 மார்ச் 19 அன்று மாநில அரசு நிலையை மாற்றிக்கொண்டு, வட்டார வளர்ச்சிக்கு 500 கோடி ரூபாய் திட்டத்தையும் அறிவித்தது. செப்டம்பர் 10 அன்று, உலையை முற்றுகையிட வந்து கடற்கரையில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்த மக்கள் மீது தடியடியும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தன. அன்றே கடற்கரை ஊரான மணப்பாட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார். 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் பதினைந்து நிபந்தனைகளோடு உலைக்கு அனுமதி தந்தது. ஜூலை 13 அன்று முதல் உலையில் தொடர்வினை தொடங்கியது.

இத்தனைக்கும் நடுவில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் குழம்பிப்போயின. உலை பாதுகாப்பானதா என்பது ஒன்று. உலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் பாதுகாப்பானதா என்பது மற்றொன்று. அரசுத் தரப்பு முதல் கேள்விக்கே திரும்பத் திரும்பப் பதில் சொன்னது. மக்கள் பெரும்பாலும் கேட்டது இரண்டாவதை.

முதல் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதிலில் சாரம் இருக்கிறது என்பதை உலையை எதிர்ப்பவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். கூடங்குளத்தில் இருப்பது ரஷ்யாவின் விவிஇஆர் வகை, ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். செர்னோபிலில் வெடித்த உலையோடு இதற்கு வடிவமைப்பில் உறவில்லை. கிராஃபைட் கிடையாது, இரட்டைக் கான்கிரீட் கூடு உண்டு. மின்சாரம் அடியோடு நின்றாலும் காற்றின் இயல்பான ஓட்டத்தைக் கொண்டே உலையின் எஞ்சிய வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு உண்டு. எல்லாம் தோற்று எரிபொருள் உருகி வழிந்தாலும் அதைப் பிடித்து வைக்க உலைக் கலத்தின் அடியில் ஒரு தாங்கு தொட்டி இருக்கிறது. உலகத்தில் இந்த ஏற்பாட்டோடு கட்டப்பட்ட தொடக்க கால உலைகளில் கூடங்குளமும் ஒன்று. ஃபுகுஷிமாவில் டீசல் ஜெனரேட்டர்கள் தாழ்வான இடத்தில் இருந்து மூழ்கின. இங்கே அவை கடல் மட்டத்திலிருந்து 9.3 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. 2004-இல் இந்தக் கரையில் அலை எழுந்த உயரம் சுமார் 2.2 மீட்டர். ஆழிப்பேரலையைக் கிளப்பும் கடலடிப் பிளவு ஜப்பானுக்கு மிக அருகில்; நமக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். இவை பொய்க்கணக்குகள் அல்ல. கல்பாக்கத்தில் 2004 டிசம்பர் 26 அன்று கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் ஏறியபோது, ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்திய அனுபவமும் நம் பொறியாளர்களுக்கு உண்டு.

ஆனால் ஃபுகுஷிமா கற்றுத் தந்தது அலையின் உயரத்தைப் பற்றி மட்டுமா? 15 மீட்டருக்கு மேல் அலை வரலாம் என்று ஃபுகுஷிமா நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனத்தின் உள் கணக்கீடு ஒன்று 2008-இலேயே சொல்லியிருந்தது. நிறுவனம் அதை ஒதுக்கி வைத்தது. கண்காணிக்க வேண்டிய அமைப்பு கண்டுகொள்ளவில்லை. ஜப்பான் நாடாளுமன்றம் அமைத்த குரோகாவா குழு 2012-இல் தந்த அறிக்கை, அதை மனிதர்கள் உண்டாக்கிய விபத்து என்றே சொன்னது. கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுபவரும் ஒரே வீட்டில் இருந்ததுதான் மூல காரணம்.

நம் நாட்டில் அந்த வீடு எப்படி இருந்தது? அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-இல் வெறும் அரசாணை மூலம் அமைக்கப்பட்டது. அது பதில் சொல்ல வேண்டியிருந்தது அணுசக்தி ஆணையத்துக்கு. அந்த ஆணையத்தின் தலைவரே, உலைகளைக் கட்டி நடத்தும் அணுசக்தித் துறையின் செயலாளர். 2012-இல் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தந்த அறிக்கை இதைத்தான் எடுத்துச் சொன்னது. பாதுகாப்புக் கொள்கை ஒன்றை எழுத வேண்டியது வாரியத்தின் கடமை. ஏறக்குறைய முப்பது ஆண்டாகியும் அன்றுவரை அது எழுதப்படவில்லை. சட்டத்தை மீறினால் அன்று விதிக்கக்கூடிய அபராதம் 500 ரூபாயாக இருந்தது. ஊர்களுக்கான அவசரகால ஒத்திகைகளில் குறைகள் இருந்ததையும் அந்த அறிக்கை பதிவு செய்தது. தனி அதிகாரம் கொண்ட ஆணையம் அமைக்க 2011 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வைக்கப்பட்டது. 2014-இல் மக்களவை கலைந்தபோது அது காலாவதியாகிப்போனது. இடிந்தகரைப் பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு இந்தச் சட்டப் பிரிவுகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "அவங்களே கட்டுறாங்க, அவங்களே நல்லாருக்குன்னு சொல்றாங்க" என்ற ஒரு வரியில் அவர்கள் அதே குறையைத் தொட்டுவிட்டார்கள்.

தகவல் கேட்டபோது நடந்ததும் இந்தச் சந்தேகத்தை வளர்த்தது. பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் இட மதிப்பீட்டு அறிக்கையையும் தாருங்கள் என்று போராட்டக் குழு ஒருங்கிணைப்பாளர் சுப. உதயகுமார் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். ரஷ்ய நிறுவனத்தின் தொழில் ரகசியம் என்று, நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் மறுத்தது. 2012 ஏப்ரல் 30 அன்று மத்தியத் தகவல் ஆணையர் சைலேஷ் காந்தி, ரகசிய வடிவமைப்பு விவரம் ஏதும் இருந்தால் அதை மட்டும் நீக்கிவிட்டு மற்றதைக் கொடுங்கள் என்று உத்தரவிட்டார். கழகம் நீதிமன்றத்துக்குப் போனது. பாதுகாப்பு ஆய்வறிக்கை மக்கள் கைக்கு வரவே இல்லை. உலை பத்திரமானது என்று நிரூபிக்கும் ஆவணம் என்றால், அதை ஊர் மக்களுக்குக் காட்டத் தயங்குவதற்குக் காரணம் என்ன? இந்தக் கேள்விக்கு நியாயமான பதிலை நான் இதுவரை படித்ததில்லை.

2019-இலும் இதே கதை. நிலையத்தின் கணினியில் தீநிரல் புகுந்துவிட்டது என்று செய்தி பரவியது. அக்டோபர் 29 அன்று நிலையத் தரப்பு, உலைக் கட்டுப்பாட்டு அமைப்பின் மீது இணையத் தாக்குதல் நடக்கவே முடியாது என்று அறிக்கை விட்டது. மறுநாளே அணுமின் கழகம், நிர்வாகப் பிரிவின் கணினி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மை, செப்டம்பர் 4 அன்றே தகவல் வந்தது, உலைக் கட்டுப்பாட்டு அமைப்போடு அதற்குத் தொடர்பில்லை என்றது. தொழில்நுட்ப ரீதியாக இரண்டு அறிக்கைகளும் பொருந்தலாம். எட்டு வாரம் தெரிந்தே வைத்திருந்த ஒன்றை, செய்தி கசிந்த பிறகு, முதலில் மறுப்பதுபோலப் பேசிப் பிறகு ஒப்புக்கொண்டால் அடுத்த முறை யார் நம்புவார்கள்? 2014 மே மாதம் வெந்நீர் பீறிட்டு ஊழியர்கள் ஆறு பேர் காயமடைந்தபோதும், முதல் உலை தொடக்க ஆண்டுகளில் அடிக்கடி நின்று நின்று ஓடியபோதும், ஊருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது வதந்தியாகத்தான்.

உலைப் பாகங்களின் தரம் பற்றிய கவலையும் வெறும் கற்பனை இல்லை. ரஷ்யாவின் சியோ-பொடோல்ஸ்க் நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி ஒருவர், மலிவான எஃகு வாங்கிய புகாரில் 2012-இல் கைதானார். அந்த நிறுவனம் கூடங்குளத்துக்கும் பாகங்கள் அனுப்பியிருந்தது. ஒழுங்குமுறை வாரியத்தின் முன்னாள் தலைவர் ஏ. கோபாலகிருஷ்ணனே மறுஆய்வு வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். 2013-இல் சோதனையின்போது குறைபாடு தெரிந்து நான்கு வால்வுகள் மாற்றப்பட்டன. சோதனையில் அகப்பட்டு மாற்றப்பட்டது நல்லதுதான். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நம்பிக்கை கூடியிருக்கும்.

இனி ஊரின் பாதுகாப்புக்கு வருவோம். இந்த உலைகள் கட்டப்பட்ட காலத்து விதிப்படி, உலையைச் சுற்றி ஒன்றரை கிலோமீட்டருக்குள் குடியிருப்பு கூடாது. ஐந்து கிலோமீட்டருக்குள் மக்கள்தொகை பெருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினாறு கிலோமீட்டர் வரை அவசரகாலத் திட்டப் பகுதி. வேலிக்குள்ளே நடப்பதற்கு நிலைய நிர்வாகம் பொறுப்பு. வேலிக்கு வெளியே மாவட்ட ஆட்சியர் பொறுப்பு. காகிதத்தில் தெளிவாகவே இருக்கிறது. நிலைய ஊழியர்களுக்கான அணுவிஜய் நகர் செட்டிகுளத்தில், ஐந்து கிலோமீட்டரைத் தாண்டி, அமைக்கப்பட்டிருக்கிறது. இடிந்தகரையும் கூடங்குளமும் அந்த வட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன.

2012 ஜூனில் நக்கனேரி என்ற சிற்றூரில் ஒத்திகை நடத்தி, வெற்றி என்று அறிவித்தார்கள். கடலோரத்து ஊர் எதிலும் அப்படி ஒன்று நடக்கவில்லை என்பதுதான் அன்றைய முக்கியக் குறை. இடிந்தகரையில் உண்மையான வெளியேற்றம் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். விடியலுக்கு முன் இரண்டு மணி. ஆண்களில் பாதிப் பேர் கடலில், வலை போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். கரையிலிருந்து சில மைல் தள்ளிப் போனால் கைபேசிக்கு அலை எட்டாது. வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு எந்தக் கரைக்கு வருவது, கூத்தங்குழிக்கா, உவரிக்கா, கூட்டப்புளிக்கா? வீட்டில் பெண்களும் முதியவர்களும் கைக்குழந்தைகளும். ஊருக்குள் பேருந்து திரும்பும் இடமே ஒன்றுதான் என்ற நிலையில் எத்தனை வண்டிகள் வரும், யார் அனுப்புவார்கள்? அயோடின் மாத்திரை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது, இரவில் அதன் சாவி யாரிடம்?

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேல்காற்றை நம்பித்தான் முப்பந்தலில் ஆயிரக்கணக்கான காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடியில் அந்தக் காற்றில் மண் பறக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று திசை மாறி அடிக்கும். கசிவு நேர்ந்தால் எந்த ஊர் முதலில் வெளியேற வேண்டும், எந்தச் சாலையில் போகக் கூடாது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். கடலில் போய்வரும் மீனவர்களைவிட இதை அறிந்தவர் யார்? அவர்களை உட்கார வைத்துப் பேசாமல் எழுதப்படும் வெளியேற்றத் திட்டத்துக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

இதைப் பீதி கிளப்பும் பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் ஃபுகுஷிமாவின் இன்னொரு கணக்கைப் பார்க்க வேண்டும். கதிர்வீச்சால் இறந்ததாக ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது ஒரே ஒரு ஊழியரின் மரணத்தை. ஆனால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். அலைச்சலிலும் மருத்துவம் தடைப்பட்டும் மனம் உடைந்தும் அந்த மாகாணத்தில் இறந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். மருத்துவமனையிலிருந்து பேருந்தில் ஏற்றப்பட்ட முதிய நோயாளிகள் வழியிலேயே இறந்தார்கள். உலகத்திலேயே ஒத்திகைக்குப் பேர்போன ஒரு நாட்டில் இது நடந்தது. செப்பமில்லாத வெளியேற்றமே ஆளைக் கொல்லும்.

அடுத்தது எரிந்து முடிந்த எரிபொருள். 1988 ஒப்பந்தப்படி அதை ரஷ்யாவே திருப்பி எடுத்துக்கொள்வதாக இருந்தது. 1998-இல் அது மாறியது. கழிவு இந்தியாவிலேயே இருக்கும் என்றானது. உலையிலிருந்து எடுத்த எரிபொருள் பல ஆண்டுகள் தண்ணீர்த் தொட்டியில் ஆற வேண்டும். அதில் உள்ள புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். நிலையத்துக்குள் உள்ள தொட்டிகளின் கொள்ளளவு சில ஆண்டுகளுக்குத்தான். எனவே, உலைக்கு அப்பால் தனிச் சேமிப்பகத்தை ஐந்து ஆண்டுக்குள் கட்ட வேண்டும், நிரந்தர நிலத்தடிக் கிடங்குக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2013 தீர்ப்பு சொன்னது. வழக்கு நடந்தபோது கோலார் தங்கவயல் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. அங்கே மக்கள் கொதித்தெழுந்ததும் அந்தப் பேச்சு கைவிடப்பட்டது. கர்நாடகத்து மக்கள் ஒரு வாரத்தில் பெற்ற பதிலை கூடங்குளம் அடங்கிய ராதாபுரம் வட்டாரத்து மக்களால் பெற முடியவில்லை. 2018-இல் அணுமின் கழகம் மறுபடி நீதிமன்றத்துக்குப் போய் 2022 வரை அவகாசம் வாங்கியது. நிலைய வளாகத்துக்குள்ளேயே சேமிப்பகம் கட்ட 2019 ஜூலையில் அறிவித்த கருத்துக் கேட்புக் கூட்டம், எதிர்ப்பு வலுத்ததும் தள்ளிவைக்கப்பட்டது. இந்தக் கழிவு கடைசியில் எங்கே போகும் என்பதற்கு இன்றுவரை இடம் குறித்துச் சொல்லப்பட்ட பதில் இல்லை. நிரந்தர இடம் தெரியாத வரை தற்காலிக இடமே நிரந்தரமாகும் என்று ஊர் அஞ்சுவதில் தவறில்லை.

கடல் பற்றிய கவலையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கடல்நீரை உறிஞ்சிக் குளிர்விக்கப் பயன்படுத்தி, சூடாகத் திருப்பி விடுகிறார்கள். வெப்ப உயர்வு 7 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. வெளிவாய்க்காலைச் சுற்றிய சிறு பரப்புக்கு அப்பால் அந்தச் சூடு கலந்து தணிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கரையோரம் சிங்கி இறாலும் நெத்திலியும் சாளையும் பிடிக்கும் சிறு வள்ளக்காரருக்கு அந்தச் சிறு பரப்புதான் தொழில் செய்யும் இடம். பாதுகாப்புக் காரணம் காட்டி அந்தப் பக்கம் போகக் கூடாது என்று விரட்டும்போது, அவருக்கு நட்டம் சூட்டினால் வந்தாலென்ன, தடையால் வந்தாலென்ன? புற்றுநோய் பற்றிய அச்சத்தில் என் நிலை வேறு. பக்கத்து மணவாளக்குறிச்சி மணலில் இயற்கையாகவே தோரியம் உண்டு. கேரளத்தின் கருநாகப்பள்ளியில், அதே வகை மணற்பரப்பில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வில், புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. பொதுமக்களுக்கான வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். ஒழுங்காக ஓடும் உலையிலிருந்து வருவது அதில் மிகச் சிறு பங்கு. ஆனால் அந்த அளவை எடுப்பதும் அணுசக்தித் துறையின் ஆய்வகமே. அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றோ பல்கலைக்கழகம் ஒன்றோ தனியாக அளந்து, ஊர்வாரியாக ஆண்டுதோறும் வெளியிட்டால் இந்த அச்சத்தில் பாதி கரைந்துவிடும்.

இழப்பீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 2010-இல் வந்த சட்டம் உலையை நடத்துபவரின் பொறுப்புக்கு 1,500 கோடி ரூபாய் உச்சவரம்பு வைத்தது. பழுதான பொருள் தந்தவரிடம் திருப்பி வசூலிக்க வழியும் வைத்தது. முதல் இரண்டு உலைகளுக்கான ரஷ்ய உடன்பாடோ முழுப் பொறுப்பையும் இந்தியத் தரப்பின் தலையில் வைத்தது. கடலையே நம்பிய ஓர் ஊர் தன் கடலை இழந்தால் அதற்கு எந்தத் தொகை ஈடாகும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

போராட்டம் நடந்த 2012-இல் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. கோவையில் லேத் பட்டறைகள் மூடிக் கிடந்தன. அந்த நேரத்தில் இடிந்தகரை மக்கள் மாநிலத்தின் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவர்களாகச் சித்திரிக்கப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் மீது தேசத் துரோகப் பிரிவில் வழக்குகள் பாய்ந்தன. வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும் பல வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீடித்தன. வெளிநாட்டுக் கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போக வேண்டிய இளைஞர்கள் பாஸ்போர்ட் கிடைக்காமல் அலைந்தார்கள். பட்டறைக்காரரின் துயரம் உண்மையானது. அதைத் தீர்க்கும் மின்சாரத்துக்கான அபாயத்தை முழுக்கச் சுமப்பவர்களை எதிரிகளாக நடத்தியதை எந்த மின்வெட்டும் நியாயப்படுத்தாது.

உலைக்குப் பக்கத்து ஊர்களையும் பாதுகாப்பில் பங்காளிகளாக்குவதை வேறு நாடுகளில் செய்து பார்த்திருக்கிறார்கள். மின்சாரத்தில் பெரும்பங்கை அணுவிலிருந்து எடுக்கும் பிரான்சில், ஒவ்வொரு அணுமின் நிலையத்துக்கும் உள்ளூர்த் தகவல் குழு இருக்க வேண்டும் என்று 2006-இல் சட்டம் வந்தது. உள்ளாட்சி உறுப்பினர்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள், தொழிற்சங்கங்கள், மருத்துவர்கள் எல்லாரும் அதில் உண்டு. ஆவணம் கேட்கவும், தனி நிபுணரை வைத்து அளக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அயோடின் மாத்திரை விநியோகத்தை 2019-இல் பத்துக் கிலோமீட்டரிலிருந்து இருபது கிலோமீட்டராக விரித்தார்கள். மாத்திரை வீட்டு அலமாரியில் இருந்தால் மக்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை.

கூடங்குளத்தில் மூன்றாம், நான்காம் உலைகளின் கட்டுமானம் 2017-இலும், ஐந்தாம், ஆறாம் உலைகளுடையது 2021-இலும் தொடங்கின. ஒரே கரையில் ஆறு உலைகள், ஆறு உலைகளின் கழிவு. ஃபுகுஷிமாவில் ஒரே அலையில் பக்கத்துப் பக்கத்து உலைகள் மூன்று உருகின. ஒன்றில் ஏறிய கதிர்வீச்சு மற்றொன்றுக்குப் போன மீட்புக் குழுவை மறித்தது. இரண்டு உலைகளுக்கு எழுதிய அவசரகாலத் திட்டம் ஆறுக்குப் போதாது. ஆகவே புதிய உலைகளில் எரிபொருள் ஏற்றும் முன், ஆறு உலைகளையும் ஒன்றாகக் கணக்கில் எடுத்த திட்டம் தமிழில் எழுதப்பட்டு, பதினாறு கிலோமீட்டருக்குள் உள்ள ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி வைக்கப்பட வேண்டும். கிராம சபையில் அது படிக்கப்பட்டு, மீனவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுத்தில் தரப்பட வேண்டும். அடுத்த ஒத்திகை இடிந்தகரையில், வள்ளங்கள் கடலில் இருக்கும் இரவு நேரத்தில், நடக்க வேண்டும்.